பைபாஸ் செய்தவர்களும் சீ.ரி. ஸ்கானும்

(வேலணையில் தீவகக் கடற்றொழிலாளர்களும் பனைத் தொழிலாளர்களும் எமது சங்க உறுப்பினர்களும் ஒன்றுகூடிய சந்திப்பில், சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை. பேசியது பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



ஹட்டனில் இரவு பஸ் ஏறினோம். பண்ணைப் பாலம் தாண்டும்போது விடிந்திருந்தது. எங்களோடு வந்திருக்கும் பெண்களில் பலர் கடலை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நேற்று குறிகட்டுவானில் படகு ஏறி நயினாதீவுக்கும் போய் நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டு வந்தோம். படகில் ஏறும்போது எங்கள் ஆட்கள் பட்ட பாட்டை உங்கள் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிக்கட்டும். நீங்கள் மலைக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறோம்.

சம்பளம், காணி, வீடு பற்றிக் காலையில் மற்றத் தோழர்கள் பேசிவிட்டார்கள். எங்களுக்குத் தந்த தலைப்பு உடம்பு. அதிலும் ஒரே ஒரு விஷயம். போன தடவை உங்களில் சிலர் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தபோது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை எங்கெங்கோ போய் நெஞ்சு ஒப்பரேஷனில் வந்து நின்றது. இரண்டு பக்கத்திலும் பைபாஸ் செய்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். கைவிரல் போதவில்லை. எல்லோரும் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: "செய்து ஏழெட்டு வருஷம் ஆச்சு, போட்ட குழாய் இன்னும் ஓடுதா இல்லையா என்று எப்படித் தெரியும்?"

நாங்கள் டொக்டர்கள் அல்ல. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள், சங்க வேலை செய்கிறவர்கள். டொக்டர் சொல்வதைக் கேட்டு விளங்கிக்கொள்வதற்கும், கேட்க வேண்டியதைத் துணிந்து கேட்பதற்கும் வேண்டிய அளவு படித்து வந்திருக்கிறோம். அதற்கு மேல் எங்களிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த ஒப்பரேஷன் யாரால் வந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். ஏனென்றால் அது எங்கள் ஆட்களின் கதை மாதிரி இருக்கும். ரெனே ஃபவலோரோ என்று ஆர்ஜென்டினாவில் ஒரு டொக்டர். அப்பா தச்சுத் தொழிலாளி, அம்மா தையற்காரி. படித்து முடித்தவர் லா பம்பா என்ற வறண்ட மாகாணத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனார். கொஞ்ச நாளைக்கு என்று போனவர் பன்னிரண்டு வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். குழந்தை இறப்பைக் குறைக்க ஊர்ச் சனங்களுக்கே பயிற்சி கொடுத்தார். இரத்தம் சேமித்து வைக்க வழியில்லாததால், அவசரத்துக்கு யார் யார் வந்து இரத்தம் கொடுப்பார்கள் என்று ஊரிலேயே ஆட்களைத் தயார் பண்ணி வைத்தார். 1962இல்தான் அமெரிக்காவின் கிளீவ்லாண்டுக்குப் போனார். 1967இல் அங்கே, ஒரு நோயாளியின் காலில் இருந்து நாளத்தை வெட்டி எடுத்து, அடைத்த இருதய நாடிக்கு அதைக் கொண்டு மாற்று வழி போட்டார். அவருக்கு முன்னரும் சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள். லெனின்கிராட்டில் கொலெசொவ் என்பவர் 1964இல் நெஞ்சு நாடி ஒன்றை எடுத்து இருதயத்தில் தைத்திருக்கிறார். ஆனால் உலகம் முழுக்கப் பரவியது ஃபவலோரோவின் வழி.

எங்கள் பக்கத்துக்கு அது வந்தது சென்னை வழியாக. இந்தியாவில் முதல் வெற்றிகரமான பைபாஸ் 1975இல் நடந்தது. செய்தவர் டொக்டர் கே.எம். செரியன். எங்கே என்று நினைக்கிறீர்கள்? பணக்கார ஆஸ்பத்திரியில் இல்லை. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். ரயில் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கட்டிய ஆஸ்பத்திரி அது. தொழிலாளிக்கு இவ்வளவு பெரிய வைத்தியம் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இருதயத்தின் மேல் ஓடி, இருதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கிற நாடிகளை எங்கள் பாடப்புத்தகம் முடியுரு நாடிகள் என்று சொல்கிறது. அதில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைக்கிறது. மழைக்கு மண் சரிந்து தோட்டத்து ரோட்டு மூடினால் சரிவை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தால் ஒரு பாதை வெட்டுவோமே, பைபாஸ் அதுதான். அடைப்பை எடுப்பதில்லை, அடைப்பைத் தாண்டி இரத்தத்தைக் கொண்டுபோய் விடுகிறார்கள். பாதை போட இரண்டு வகைக் குழாய் எடுப்பார்கள். ஒன்று நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடுகிற நாடி. மற்றது காலில் இருந்து வெட்டி எடுக்கிற நாளம். சிலருக்குக் கையில் இருந்தும் நாடி எடுப்பதுண்டு.

இந்த இரண்டுக்கும் ஆயுள் ஒன்றல்ல. நெஞ்சு நாடி கெட்டிக்காரன். பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். கால் நாளம் அப்படி இல்லை. அது மெதுவான அழுத்தத்தில் இரத்தம் திரும்பிப் போகிற குழாய். அதைக் கொண்டுவந்து இருதயத்தின் அழுத்தத்துக்குக் கொடுத்தால், தோட்டத்தில் தண்ணீர் விடும் மெல்லிய பைப்பை ஆலை மெஷினுக்குப் பூட்டிய மாதிரி. சுவர் தடிக்கும், உள்ளே படியும். முதல் வருஷத்திலேயே பத்தில் ஒன்று அளவில் அடைபடும். பத்து வருஷமாகும்போது ஏறத்தாழப் பாதி அடைத்தோ பழுதாகியோ இருக்கும். அதனால்தான் ஒப்பரேஷனுக்குப் பிறகும் ஆயுள் முழுக்க அஸ்பிரினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் தருகிறார்கள். "ஒப்பரேஷன்தான் செய்தாச்சே, இனி என்னத்துக்குக் குளிசை" என்று கிளினிக்கை விட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள், எங்கள் பஸ்ஸிலும் இருக்கிறார்கள். பீடியைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேசினால் முன்வரிசை எழுந்து போய்விடும்.

இப்போது ஒருவருக்கு மறுபடியும் நெஞ்சு இறுகுகிறது, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, வலை இழுத்தால் கை உளைகிறது என்று வையுங்கள். பழைய வழி அஞ்சியோகிராம். கையாலோ தொடையாலோ மெல்லிய வயர் மாதிரி ஒரு குழாயை இருதயம் வரை விட்டு, சாயமருந்து பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். சாதாரண ஆளுக்கு அது சீக்கிரம் முடியும். பைபாஸ் செய்தவருக்கு அப்படி இல்லை. புதுக் குழாய்கள் எங்கே தைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். நெஞ்சு நாடிக்கு வேறு பக்கம் போகவேண்டும். தேடத் தேட நேரமும் கூடும், சாயமருந்தும் கூடும். அந்த மருந்து போகிற இடம் சிறுநீரகம். நீரிழிவும் பிரஷரும் உள்ள ஆளுக்கு அந்தச் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்துப்போய் இருக்கும்.

இங்கேதான் சீ.ரி. ஸ்கான் வருகிறது. நெடுந்தீவுக்கு ஓடுகிற ஓட்டிகள் இங்கே இருக்கிறீர்கள். தெரியாத பரவைக்கடலில் வள்ளத்தை விடுவதற்கும், ஆழமான வாய்க்கால் எது என்று கம்பு நட்டு வைத்த கடலில் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதலில் சீ.ரி. எடுத்தால் எத்தனை குழாய், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று ஒரு வரைபடம் கையில் வந்துவிடும். உள்ளே வயர் விடத் தேவையில்லை. கையில் ஊசி ஒன்று போட்டு மருந்து ஏற்றுவதோடு சரி.

இதை ஒரு பரிசோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். லண்டன் சென். பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில், முன்பு பைபாஸ் செய்து இப்போது அஞ்சியோகிராம் தேவைப்பட்ட 688 பேரைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நேரடியாக அஞ்சியோகிராம். மற்றப் பாதிக்கு முதலில் சீ.ரி., பிறகு அஞ்சியோகிராம். முடிவு 2023இல் வெளிவந்தது. நேரடியாகப் போனவர்களுக்கு அஞ்சியோகிராம் சராசரி 39 நிமிஷத்துக்கு மேல் எடுத்தது, சீ.ரி. எடுத்துவிட்டுப் போனவர்களுக்கு 19 நிமிஷத்துக்குள் முடிந்தது. நேரடியாகப் போனவர்களில் நூற்றுக்கு 27.9 பேருக்குச் சிறுநீரகத்தில் பாதிப்புக் கண்டது. மற்றவர்களில் நூற்றுக்கு 3.4 பேருக்குத்தான். ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் நடந்த பரிசோதனை, அதுவும் நல்ல மெஷினும் பழகிய கைகளும் உள்ள இடம் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை.

இந்த மெஷின் வந்த கதையிலும் ஒரு சுவாரசியம் உண்டு. கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்ட் டொக்டர் அல்ல, இஞ்ஜினியர். வேலை செய்தது இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பனியில். 1971இல் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார்கள். தலை அசையாமல் இருக்கும், இருதயம் இருக்காதே! துடிக்கிற இருதயத்தை மங்கலில்லாமல் எடுக்கும் அளவுக்கு வேகமான மெஷின்கள் பரவலாக வந்தது 2004, 2005க்குப் பிறகுதான். பைபாஸ் குழாய்களுக்கு ஒரு வாய்ப்பு என்னவென்றால், அவை சொந்த நாடிகளைவிடப் பெரியவை, ஆட்டமும் குறைவு. அதனால் சீ.ரி.யில் தெளிவாக விழும். குழாய் அடைத்ததா இல்லையா என்பதை அநேகமாகப் பிழையில்லாமல் சொல்லிவிடலாம்.

எப்படி எடுப்பார்கள் என்று தாய்மார் ஒருவர் காலையில் கேட்டார். நெஞ்சில் ஈசிஜி வயர் ஒட்டுவார்கள். துடிப்பு நிமிஷத்துக்கு அறுபது அளவில் இருந்தால் படம் நன்றாக வரும். கூட இருந்தால் குறைக்க மருந்து தருவார்கள். நாக்குக்குக் கீழே நாடியை விரிக்க ஒரு மருந்து வைப்பார்கள். ஆண்மைக் குளிசை பாவிக்கிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக விழும். வெட்கப்படுகிற இடம் அது இல்லை. பிறகு ஊசி வழியாகச் சாயமருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடாகும், சிறுநீர் போய்விட்டது மாதிரிக்கூட இருக்கும். போகாது. பத்து விநாடி அளவில் மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். சுழியோடிச் சங்கெடுத்த ஐயாமாருக்கு அதெல்லாம் ஒரு கணக்கா?

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எங்களுக்கு வாய் கூசுகிறது. முதல் நாளில் இருந்தே தேத்தண்ணியும் கோப்பியும் குடிக்கக்கூடாது, துடிப்புக் கூடும். தேயிலைக்காரர் வந்து தேத்தண்ணி குடிக்காதே என்று சொன்னார்கள் என்று வெளியில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

முன்னரே சொல்லவேண்டியவை: சிறுநீரக வருத்தம் இருந்தால், முன்பு சாயமருந்து ஏற்றி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், ஆஸ்துமா இருந்தால், நீரிழிவுக்கு மெட்போர்மின் எடுத்தால். கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் அதைச் செய்யாமல் போகாதீர்கள். குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தவேண்டுமென்றால் அவர்கள் சொல்வார்கள்.

சீ.ரி. எல்லாம் செய்யும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சுண்ணாம்பு நிறையப் படிந்த பழைய நாடியை அது சரியாகக் காட்டாது. சுண்ணாம்பு படத்தில் உள்ளதைவிடப் பெரிதாக வீங்கித் தெரியும். ஒப்பரேஷனில் போட்ட உலோகக் கிளிப்பும் மறைக்கும். பைபாஸ் செய்தவருக்குச் சொந்த நாடியெல்லாம் பழுதாகித்தானே இருக்கும். அங்கே அஞ்சியோகிராமின் இடத்தைச் சீ.ரி. பிடிக்க முடியாது. ஒடுக்கம் இருக்கிறது என்று காட்டும். அந்த ஒடுக்கத்தால் தசைக்கு இரத்தம் குறைகிறதா என்று அறிய வேறு பரிசோதனை தேவைப்படலாம். கதிர்வீச்சும் உண்டு. பைபாஸ் செய்தவருக்குக் கழுத்தெலும்புக்குக் கிட்டவிருந்து இருதயத்தின் அடிவரை எடுக்கவேண்டியிருப்பதால், சாதாரண இருதய சீ.ரி.யைவிடக் கொஞ்சம் கூடவே வரும். ஆகவே நெஞ்சில் ஒரு குறையும் இல்லாத ஆள், விளம்பரத்தைப் பார்த்துக் காசைக் கட்டி எடுக்கவேண்டிய ஸ்கான் இது இல்லை. அறிகுறி உள்ளவருக்கும், இரண்டாம் தரம் நெஞ்சைத் திறக்கவேண்டியவருக்கும்தான் இதன் முக்கிய பயன். இரண்டாம் தரம் எலும்பை அறுக்கும்போது பழைய குழாய் எலும்பின் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடந்தால் வாள் அதில் படும். எங்கே கிடக்கிறது என்று முன்பே பார்த்து வைப்பது உயிர்க் காரியம். இன்னொன்று: நெஞ்சு விடாமல் வலித்து வேர்த்துக் கொட்டினால் அது ஸ்கானுக்குத் திகதி கேட்கிற நேரம் இல்லை. ஊர்காவற்றுறையோ நெடுந்தீவோ, கிட்ட உள்ள வைத்தியசாலைக்கு அந்த நிமிஷமே போகவேண்டும்.

இப்போது எங்கள் ஆள் ஒருவரின் கதை. அவர் இங்கேதான் இருக்கிறார், பெயரைச் சொல்லவேண்டாம் என்றிருக்கிறார். ஆலையில் முப்பது வருஷம் வேலை செய்து பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர். எங்களுக்குச் சித்தப்பா முறை. ஒன்பது வருஷத்துக்கு முன் பைபாஸ். போன வருஷம் லயத்துக்கு மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகத் தொடங்கியது. முதலில் காட்டிய இடத்தில் கேஸ் என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள். அந்த இடம் எது என்று சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. மூன்று மாசம் அந்தக் குளிசையோடு போனது. பிறகு கிளினிக்கில் அஞ்சியோகிராம் என்றார்கள். மனுஷன் மாட்டேன் என்றார். முதல் தடவை தொடையில் இரத்தம் கட்டிப் பட்ட வேதனையை அவர் மறக்கவில்லை. அப்படியானால் முதலில் சீ.ரி. எடுப்போம் என்று ஒரு டொக்டர் சொன்னார்.

ஸ்கான் எடுக்கப் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, உங்களுக்கு எத்தனை குழாய் போட்டது? எதில் எதில்?" அவருக்கு என்ன தெரியும்! அந்த டயக்னோசிஸ் காட்டில் எல்லாம் எழுதியிருந்தது. அது தகரப் பெட்டியில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் லயத்துக் கூரை ஒழுகியபோது பெட்டியோடு நனைந்து கூழாகிப்போனது. குழாய் எத்தனை என்று தெரியாவிட்டால், வேரோடு அடைத்துப்போன குழாயைப் படத்தில் காணாமலே விட்டுவிடலாம். இல்லாததை யார் தேடுவார்கள்? ஒப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று தரம் போய், பழைய பதிவேட்டில் இருந்து எழுதி வாங்கி வந்தோம். மூன்று நாள் சம்பளம், மூன்று நாள் பஸ் காசு. மூன்று குழாய் போட்டிருந்தார்கள். ஸ்கானில் நெஞ்சு நாடி நன்றாக ஓடியது, கால் நாளம் ஒன்று ஓடியது, ஒன்று அடியோடு அடைத்திருந்தது. படத்தைப் பார்த்த டொக்டர்மார் இப்போதைக்கு மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்றார்கள். நேற்று நயினாதீவு இறங்குதுறையில் அவர் எங்களுக்கு முன்னால் நடந்து போனார்.

அவருக்குக் கூரை ஒழுகியது. உங்களுக்கு என்ன? நெடுந்தீவுத் தங்கச்சி ஒருவர் மத்தியானம் எங்களிடம் சொன்னார்: கணவரின் கிளினிக் கொப்பியைச் சீலைத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் படகில் வருவாராம், அலை அடித்தால் தான் நனைந்தாலும் கொப்பி நனையக்கூடாது என்று. காலைப் படகில் வெளிக்கிட்டு, குறிகட்டுவானில் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்ச் சேரும்போது நம்பர் எல்லாம் கொடுத்து முடிந்திருக்கும். அதனால் முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது. காற்றுக் காலத்தில் படகு ஓடாவிட்டால் திகதி போச்சு. அடுத்த திகதி எப்போதோ. படகில் வாந்தி எடுத்து, பஸ்ஸில் நின்றுகொண்டு போய், ஓடி வரிசையில் ஏறிய ஆளின் இருதயம் அறுபதில் துடிக்குமா? எங்கள் ஆட்களுக்கும் இதே கதைதான், கடலுக்குப் பதில் மலை. ஒரு நாள் கிளினிக் போனால் ஒரு நாள் பேர் இல்லை.

ஆகவே மாலையில் எழுதப்போகும் கூட்டுக் கோரிக்கையில் நாலு வசனம் சேர்க்கவேண்டும் என்று கேட்கிறோம். கடல் கடந்தும் தோட்டத்திலிருந்தும் வருகிறவர்களுக்குக் கிளினிக்கிலும் ஸ்கானிலும் நேரத்தைப் பின்தள்ளிக் கொடுக்கவேண்டும். படகு ஓடாத நாளில் திகதி தவறினால் வரிசையின் கடைசிக்குத் தள்ளக்கூடாது. இருதய ஒப்பரேஷன் செய்தவரின் கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. அரசாங்க வைத்தியசாலையில் எழுதிக்கொடுக்கிற ஸ்கானை வெளியில் காசுக்கு எடுத்து வா என்று அனுப்பக்கூடாது. நாலாவதைப் பற்றிக் காலையில் ஒரு தோழர் "நடக்கிற காரியமா" என்றார். இலவச வைத்தியம் இந்த நாட்டில் யாரும் போட்ட பிச்சை இல்லை. எங்கள் தேயிலை கொண்டுவந்த காசும் அதில் இருக்கிறது. கேட்காமல் எப்படி நடக்கும்?

காசு விஷயத்தில் ஒரு வழியையும் சொல்லிவிடுகிறோம். ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு முன்பு கொழும்புக்கு ஓடவேண்டும். 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு மூன்றிலும் பிரதேச செயலகம் இருக்கிறது. ஈ.ரி.எப். கட்டுகிற வேலையில் இருப்பவர்கள் இருதய சத்திரசிகிச்சைக்கு அங்கும் உதவி கேட்கலாம். ஒப்பரேஷனுக்கு முன்பே விசாரியுங்கள். பிறகு போனால் அந்தத் துண்டு இல்லை, இந்தத் துண்டு இல்லை என்பார்கள்.

டயக்னோசிஸ் காட் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் பின்னால் மேசைக்குப் போங்கள். எங்கள் பிள்ளைகள் இருவர் ஃபோனில் படம் எடுத்து உங்கள் ஃபோனுக்கும் மகன் மகள் ஃபோனுக்கும் அனுப்பித் தருவார்கள். ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டும் தருவார்கள். காட் இல்லாதவர்கள், எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம், எந்த வார்ட் என்று தெரிந்ததை எழுதிக்கொடுங்கள். பதிவேடு தேடிப் போவதற்கு யாழ்ப்பாணத்தில் ஒருவரும் கொழும்பில் ஒருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நெடுந்தீவுக்காரர் முதலில் போகட்டும். அவர்களுக்குப் படகு இருக்கிறது.